95 டிகிரியில் நிற்கும் ப்ராசஸர் எரிந்துவிடுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். ரைசன் 9 7950எக்ஸ் போட்ட கணினி, கேபினட்டின் மேல்பக்கம் 360 மி.மீ. ரேடியேட்டர் வைத்த லிக்விட் கூலர், மதுரையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே ஏசி இல்லாத அறை. ப்ளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் (காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்கும் வேலை) கொடுத்த இரண்டு மூன்று நொடிக்குள் வெப்பநிலை 95 டிகிரிக்கு ஏறி அங்கேயே நின்றுவிடுகிறது. ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் பயமாக இருக்கிறது, கடைக்காரர் இன்னும் விலை கூடிய கூலர் ஒன்றைக் காட்டுகிறார், வாங்கலாமா என்கிறீர்கள். இதில் மூன்று கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. சிப்புக்கு ஆபத்தா, வேகம் குறைகிறதா, காசு போட்டால் தீருமா. மூன்றுக்கும் விடை வேறு வேறு. ரெண்டர் வேலைக்கான கணினிகளைக் கட்டிக்கொடுத்துப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். 95 டிகிரி என்பது அந்தச் சிப்புக்குப் போட்டிருக்கிற வேலை வரம்பு. 2022 செப்டம்பரில் ரைசன் 7000 வரிசை வந்தபோதே தயாரிப்பாளரான ஏஎம்டி இதை வெளிப்படையாகச் சொன்னது: எல்லா கோர்களும் (சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதிகள்) முழுவேகத்தில் ஓடும்போது 95-ஐத் தொடுவது இயல்பு, அதற்கேற்பத்தான் வடிவமைத்திருக்கிறோம் என்று. பழைய சிப்களில் ஒரு வேகத்தை நிர்ணயித்துவிட்டு, அதனால் எவ்வளவு சூடு வருகிறது என்று பார்ப்போம். இது நேர் எதிர். மின்திறன் (வாட்), மின்னோட்டம் (ஆம்பியர்), வெப்பம் ஆகிய மூன்றில் ஏதாவது ஒரு வரம்பு குறுக்கே வரும்வரை சிப் தானாகவே வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும். உங்கள் கணினியில் முதலில் குறுக்கே வருவது வெப்ப வரம்பு, அவ்வளவுதான். 95-ஐத் தொட்டதும் வேகத்தை நூல் பிடித்தாற்போல் குறைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே நிற்கும். அதையும் மீறிச் சூடேறும் நிலை வந்தால், உதாரணமாகக் கூலரில் நீரைச் சுற்றவிடும் பம்ப் நின்றுபோனால், வேகத்தை வெகுவாகக் குறைக்கும், அதற்கும் மேலே போனால் கணினியே அணைந்துவிடும். தீப்பிடிக்காது.

இதிலிருந்து ஒரு விசித்திரமான விளைவு வருகிறது. புதுக் கூலர் வாங்கிப் போட்டாலும் பெரும்பாலும் திரையில் 95 தான் காட்டும். கூலர் கூடுதலாக இழுக்கிற சூட்டைச் சிப் தன் வேகத்தை ஏற்றிக்கொண்டு ஈடுகட்டிவிடும். ‘அத்தனை ஆயிரம் கொடுத்தும் ஒரு டிகிரிகூடக் குறையவில்லை’ என்று புலம்பி வருபவர்களை நிறையப் பார்த்தாயிற்று. அவர்கள் கூலரில் குறை இல்லை, பார்க்கிற எண்தான் தப்பு. உங்கள் சிப்பில் வெப்பநிலை ஏறக்குறைய மாறாத எண், அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. மாறுவது இரண்டு: எத்தனை வாட் இழுக்கிறது, எல்லா கோர்களும் ஓடும்போது கிளாக் (கோர்கள் ஓடும் வேகம்) எவ்வளவு நிற்கிறது. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் இரண்டும் தெரியும். ரெண்டர் தொடங்கி 20 நிமிடம் கழித்துப் பாருங்கள், முதல் நிமிடத்தில் பார்க்காதீர்கள். லிக்விட் கூலரில் உள்ள நீர் முழுக்கச் சூடேறி நிலைக்கு வர அவ்வளவு நேரம் வேண்டும்.

7950எக்ஸின் பெட்டியில் 170 வாட் என்று இருக்கும், ஆனால் உண்மையில் சாக்கெட் வழியாக 230 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. அடிப்படை கிளாக் 4.5 கிகாஹெர்ட்ஸ். 95 டிகிரியில் நிற்கும்போது 200 வாட்டுக்கு மேல் இழுத்துக்கொண்டு, கிளாக் 5 கிகாஹெர்ட்ஸை ஒட்டி நின்றால் உங்கள் கூலர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, அதை மாற்றுவது வீண் செலவு. அதே 95 டிகிரியில் 140, 150 வாட்தான் இழுக்கிறது என்றால் 360 ரேடியேட்டருக்கு அது ரொம்பக் குறைவு, எங்கேயோ அடைப்பு இருக்கிறது. 80 வாட்டிலேயே 95-ஐத் தொட்டுவிட்டால் பம்ப் ஓடவில்லை, அல்லது கூலர் சிப்பின்மேல் சரியாக உட்காரவில்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லிவிடலாம்.

இரண்டு நொடியில் ஏறிவிடுகிறதே என்றீர்கள். அதற்குக் காரணம் இடம் போதாமை. இந்தச் சிப்பில் பதினாறு கோர்களும் இரண்டு சிறு சில்லுகளில் அடங்கியிருக்கின்றன, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 70 சதுர மில்லிமீட்டர், கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னது. முழு ஓட்டத்தில் ஒவ்வொன்றும் 100 வாட்டை நெருங்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 140 வாட் என்று கணக்கு வரும். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பில் தோசைக்கல்லை வைத்து முழுச் சூட்டில் விட்டால்கூடச் சதுர சென்டிமீட்டருக்கு ஆறேழு வாட்தான். அவ்வளவு சின்ன இடத்திலிருந்து அவ்வளவு சூடு கிளம்பும்போது, அது மேலே உள்ள உலோக மூடியில் பரவி, இடையில் தடவிய வெப்பம் கடத்தும் பேஸ்ட்டைத் தாண்டி, கூலரின் செம்புத் தகட்டுக்கு வந்து சேர்வதற்குள்ளேயே வெப்பநிலை வித்தியாசத்தில் பெரும்பங்கு செலவாகிவிடுகிறது. ரேடியேட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது அதற்கு அப்புறம்தான் வேலையைத் தொடங்க முடியும்.

போதாக்குறைக்கு அந்த உலோக மூடி தடிமனானது. ஏஎம்டியின் முந்தைய சாக்கெட்டான ஏஎம்4-க்கு வந்த கூலர்கள் புதிய சாக்கெட்டிலும் பொருந்த வேண்டும் என்பதற்காக உயரத்தை அப்படியே வைத்தார்கள், அதற்கு மூடியைத் தடிமனாக்க வேண்டிவந்தது. இதே வரிசைச் சிப் ஒன்றின் மூடியைப் பெயர்த்தெடுத்துவிட்டுச் சில்லின்மேல் நேரடியாகக் கூலரை வைத்துப் பார்த்த ஒரு ஜெர்மன் ஓவர்க்ளாக்கருக்கு (சிப்களை வரம்பு மீறி ஓட்டிப் பார்ப்பவர்) சுமார் 20 டிகிரி குறைந்தது. கூலரை மாற்றாமல், மூடியை எடுத்ததற்கு 20 டிகிரி! தடை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நீங்கள் அதைச் செய்யக் கூடாது, உத்தரவாதமும் போகும், ஓரம் சிதறினால் சிப்பும் போகும்.

ஆகவே ஏறுகிற விதத்தை வைத்தே நோயை ஓரளவு பிரிக்கலாம். தொடங்கிய நொடியிலேயே குதித்தால் அது சிப், பேஸ்ட், கூலர் உட்கார்ந்த விதம் சம்பந்தப்பட்டது. முதலில் நன்றாக இருந்து, பத்து இருபது நிமிடத்தில் வாட்டும் கிளாக்கும் மெல்ல மெல்ல இறங்கினால் அது நீரின் சூடு, கேபினட்டுக்குள் இருக்கும் காற்றின் சூடு, அறையின் சூடு. உங்களுக்கு முதல் வகை நிச்சயம் இருக்கிறது, இந்தச் சிப்பில் அது எல்லோருக்கும் உண்டு. இரண்டாவது வகையும் இருக்கிறதா என்பது நீங்கள் எடுக்கப்போகும் எண்ணில்தான் தெரியும்.

முதல் வகையில் நம் கையில் இருப்பது கூலர் உட்காரும் விதம் மட்டுமே. என்னிடம் வரும் ‘கூலர் சரியில்லை’ வழக்குகளில் கூலரைக் கழற்றிப் பார்த்ததும் பாதி முடிந்துவிடும். செம்புத் தகட்டின்மேல் ஒட்டி வரும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை உரிக்காமலேயே மாட்டியிருப்பார்கள். பேஸ்ட் அந்தப் படலத்தின்மேல் அழகாகப் பரவியிருக்கும், ‘அகற்றவும்’ என்ற எச்சரிக்கை எழுத்து பேஸ்ட்டுக்கு அடியில் மங்கலாகத் தெரியும். இன்னொன்று, நான்கு திருகுகளில் ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவது. கழற்றினால் பேஸ்ட் ஒரு ஓரத்தில் கண்ணாடிபோல மெலிந்தும் எதிர் ஓரத்தில் தடித்தும் இருக்கும். மூலைக்கு மூலை, குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஓரிரு வருடம் கடுமையாக ஓடிய கணினி என்றால் வேறொரு கோலம் தெரியும்: நடுவில் பேஸ்ட்டே இல்லாமல் உலோகம் பளிச்சென்று இருக்கும், சுற்றிலும் வளையமாக ஒதுங்கிக் காய்ந்திருக்கும். சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்கி, ஒவ்வொரு முறையும் பேஸ்ட் கொஞ்சம் வெளியே தள்ளப்பட்டதன் அடையாளம் அது. ரெண்டர் கணினிகளுக்கு இதனால்தான் இப்போதெல்லாம் பேஸ்ட்டுக்குப் பதிலாக, சூட்டில் இளகும் ஹனிவெல் பிடிஎம்7950 தாளை நான் விரும்புகிறேன். சுமார் 45 டிகிரியில் இளகி இடுக்குகளை நிரப்பிக்கொள்ளும், எளிதில் வெளியே ஒதுங்காது. லிக்விட் மெட்டல் வேண்டாம். அது காலியம் கலந்தது, மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும்.

பம்ப்பையும் ஒரு தடவை பாருங்கள். மதர்போர்டில் அதன் வயரை ஃபேன் முனையில் செருகி, ஃபேனுக்குரிய ஏற்ற இறக்கத்திலேயே விட்டிருந்தால் அது பாதி வேகத்தில்தான் சுற்றும். மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் போய் முழு வேகத்துக்கு மாற்றிவிடுங்கள். ரேடியேட்டர் மேலே இருப்பது ஒரு வகையில் நல்லது, காற்றுக்குமிழ் அங்கே போய்த் தங்கும், பம்ப்பில் சிக்காது.

இப்போது மதுரைக்கு வருவோம். மே மாத மதியம் மொட்டை மாடிக்குக் கீழ் அறை 36 டிகிரியில் இருப்பதும், மாடி உள்வாங்கிய சூட்டை இரவு வெகுநேரம்வரை கீழே விடுவதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூலர் என்பது சூட்டை அறைக் காற்றுக்குக் கைமாற்றும் கருவி, அது காற்றானாலும் நீரானாலும் அறையைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்க முடியாது. கணக்கு எளிது. 95-லிருந்து 36-ஐக் கழித்தால் 59. அந்த 59 டிகிரி வித்தியாசத்தில் உங்கள் கூலர் 200 வாட்டை வெளியேற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறையை 26 டிகிரிக்குக் கொண்டுவந்தால் வித்தியாசம் 69 ஆகும், அதே கூலர் 230 வாட்டுக்கு மேலேயே வெளியேற்றும், அதாவது சிப்பின் முழு வரம்பையும். டிகிரிக்கு மூன்றரை வாட் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். எந்த விலை கூடிய கூலரும் இந்தப் பத்து டிகிரியைத் தராது. ஏசி வாங்கச் சொல்லவில்லை. ஆனால் ஜன்னலைச் சாத்திவிட்டு ரெண்டர் போடாதீர்கள். ப்ராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் சேர்ந்து இழுக்கிற ஒவ்வொரு வாட்டும் கடைசியில் அந்த அறையில்தான் சூடாக வந்து விழுகிறது. எதிரெதிர் ஜன்னல் இரண்டைத் திறந்து வைத்தால், அல்லது ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால், இரவில் நல்ல பலன் உண்டு.

கேபினட் விஷயத்தில் ஒரே ஒரு சோதனை போதும். பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு அதே காட்சியை மறுபடி ரெண்டர் போடுங்கள். 20 நிமிடம் கழித்து வாட் பத்து பதினைந்து கூடியிருந்தால் கேபினட்டுக்குள் காற்று போதவில்லை. ஒன்றும் மாறவில்லை என்றால் கேபினட்டை மறந்துவிடலாம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட மாடல்களில்தான் இந்தச் சிக்கல் அதிகம். பார்க்க லட்சணமாக இருக்கும், காற்று நுழைய ஓரத்தில் ஒரு விரல் இடுக்குதான் இருக்கும். உங்கள் ரேடியேட்டர் மேலே இருப்பதால் கிராஃபிக்ஸ் கார்டு விடும் சூடான காற்றைத்தான் அது இழுக்கிறது என்பதையும் கவனியுங்கள். ப்ராசஸரில் மட்டும் ரெண்டர் செய்யும்போது பரவாயில்லை, இரண்டிலும் சேர்த்துச் செய்தால் உறைக்கும். தூசியைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். ஃபேனுக்கும் ரேடியேட்டர் இதழ்களுக்கும் நடுவில் கம்பளிபோல ஒரு படலம் படியும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, ஃபேனைக் கழற்றினால்தான் தெரியும்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது செலவே இல்லாத ஒன்று. சூட்டை வெளியேற்றப் பாடுபடுவதற்கு முன்னால் அதை உண்டாக்காமல் இருக்க முடியுமா என்று பாருங்கள். சிப் இழுக்கும் மின்சாரம் கிளாக்குக்கு நேர் விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறும். கடைசிக் கொஞ்சம் வேகத்தை எட்டுவதற்கு வோல்டேஜை நிறைய ஏற்ற வேண்டும், அதனால்தான் உச்சியில் வாட் எகிறுகிறது, வேகம் நகர்வதில்லை. பயாஸில் ‘ஈக்கோ மோட்’ என்று ஒன்று இருக்கிறது. அதில் 105 வாட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சிப் உண்மையில் 142 வாட்டோடு நிறுத்திக்கொள்ளும். ரெண்டர் வேகத்தில் இழப்பு பத்து சதவீதத்துக்குள் அடங்கிவிடும், பெரும்பாலும் அதிலும் பாதிதான். 65 வாட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் 88 வாட்டோடு நிற்கும், அப்போது ஐந்தில் ஒரு பங்கு வேகம் போகும். அது உங்களுக்குத் தேவைப்படாது.

பத்து மணி நேர ரெண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 230 வாட்டில் ப்ராசஸர் மட்டும் 2.3 யூனிட் தின்னும். 142 வாட்டில் நிறுத்தி, வேகம் ஏழு சதவீதம் குறைந்ததாகவே வைத்துக்கொண்டாலும், வேலை முடிய இன்னும் முக்கால் மணி நேரம் கூடும், செலவு 1.5 யூனிட்தான். அறைக்குள் விழும் சூடும் அதே அளவு குறையும், ஃபேன் சத்தமும் அடங்கும், வெப்பநிலையும் 95-ஐ விட்டு நன்றாகக் கீழே வரும். எழுந்து பல் துலக்கிக் காபி குடித்துவிட்டு உட்காரும் ஆளுக்கு அந்த முக்கால் மணி நேரம் பெரிதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். மணிக் கணக்கில் வாடகை வாங்கும் ரெண்டர் பண்ணைக்கு வேண்டுமானால் கணக்கு வேறு.

இதற்கு மேல் போக விரும்பினால் கர்வ் ஆப்டிமைசர் என்ற அமைப்பில் எல்லா கோர்களுக்கும் மைனஸ் 10 கொடுத்து வோல்டேஜைக் கொஞ்சம் குறைக்கலாம். சிப்புக்குச் சிப் தாங்கும் அளவு மாறும். யாரோ யூடியூபில் மைனஸ் 30 போட்டார் என்று நீங்களும் போடாதீர்கள். ரெண்டர் வேலையில் இதன் ஆபத்து கணினி நின்றுபோவதல்ல, நின்றால் தெரிந்துவிடும். நிற்காமல் ஓடி ஏதோ ஒரு ஃப்ரேமில் மட்டும் தப்பான புள்ளிகளோடு முடிந்திருக்கும், வாடிக்கையாளர்தான் கண்டுபிடிப்பார். கனமான வேலையில் தாங்குகிற அமைப்பு, சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆவதும் உண்டு. சில நாள் ஓட்டிப் பார்த்த பிறகே நம்புங்கள். இன்னொன்று: ஈக்கோ மோட் போடாமல் இதை மட்டும் செய்தால் வெப்பநிலை 95-லேயே நிற்கும், கிளாக் மட்டும் ஏறும். மேலே சொன்ன அதே காரணம்தான்.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. தினமும் எட்டு மணி நேரம் 95 டிகிரியில் ஓடும் சிப் பத்து வருடம் தாங்குமா? சூடு கூடக் கூட சிலிக்கானும் அதன் மெல்லிய கம்பிகளும் வேகமாகத் தேயும் என்பது இயற்பியல், அதில் சந்தேகம் இல்லை. அந்தத் தேய்மானம் உங்கள் உபயோகக் காலத்துக்குள் வெளிப்படுமா என்பதில் ‘வெளிப்படாது’ என்கிறது தயாரிப்பாளர் தரப்பு. என் கைக்கு வந்த கணினிகளில் வெறும் 95 டிகிரியால் செத்த சிப்பைப் பார்த்ததில்லை, ஆனால் என் கை என்பது சின்ன வட்டம், அதைச் சான்றாக வைத்துக்கொள்ளாதீர்கள். 2023-லும் 2024-லும் ஊரறியச் சிப்கள் செத்த இரண்டு சம்பவங்களிலும் குற்றவாளி வோல்டேஜ் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 2023-இல் ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்கள் சில சாக்கெட்டோடு கருகியபோது, மெமரி வேகத்துக்காக மதர்போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை (சிப்பில் மெமரியைக் கையாளும் பகுதிக்குப் போகும் வோல்டேஜ்) அதிகமாகக் கொடுத்தது தெரியவந்து, ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டுக்குள் கட்டிப்போட்டது. 2024-இல் இன்டெல் 13, 14-ஆம் தலைமுறைச் சிப்கள் நிலைகுலைந்தபோதும் காரணம் தேவைக்கு மேல் கேட்கப்பட்ட வோல்டேஜ்தான். ஆகஸ்டில் சிப்பின் உள் மென்பொருளான மைக்ரோகோடுக்குத் திருத்தம் வந்தது, உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டினார்கள். ஆகையால் உங்கள் பயாஸ் 2023 கோடைக்கு முந்தையது என்றால், கூலரைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அதைப் புதுப்பியுங்கள்.

சிப்பைவிட அதன் அக்கம்பக்கத்தில்தான் எனக்குக் கவலை. லிக்விட் கூலர் வைத்தால் சாக்கெட்டைச் சுற்றிக் காற்றே அசையாது. மதர்போர்டில் ப்ராசஸருக்கு மின்சாரம் தரும் பகுதியும், பக்கத்தில் உள்ள எம்.2 எஸ்எஸ்டியும் வெந்துகொண்டிருக்கும். பின்பக்கம் ஒரு ஃபேன் வெளியே இழுப்பதாக இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கடைக்காரர் காட்டும் கூலருக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்களிடம் இருக்கும் 360-க்கு மேலே போனால் கிடைப்பது ஓரிரு டிகிரிதான், அதையும் சிப் கிளாக்காக மாற்றித் தின்றுவிடும். அறையின் ஜன்னலைத் திறந்து வைத்து, பேஸ்ட்டில் கை வைக்காமல், முதலில் இப்போது உள்ளபடியே ஒரு முறையும், ஈக்கோ மோட் 105 வாட்டில் ஒரு முறையும் அதே காட்சியை ரெண்டர் போடுங்கள். இரண்டுக்கும் 20-ஆவது நிமிடத்தில் வாட், எல்லா கோர் கிளாக், ரெண்டர் முடிய ஆன நேரம், கேபினட்டுக்குள் காற்று நுழையும் இடத்தில் வைத்த தெர்மாமீட்டர் காட்டும் அறை வெப்பநிலை, நான்கையும் இங்கே எழுதுங்கள். கூலரைக் கழற்ற வேண்டுமா என்று அப்போது பார்த்துச் சொல்கிறேன்.